மூன்று மாதமாகப் போகாத சிரங்கு: இனி எதைத்தான் தடவுவது?

தூக்கமில்லாதவன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதை எழுதும்போது இரவு இரண்டரை மணி. வீட்டில் மற்றவர்கள் தூங்குகிறார்கள், நான் மட்டும் குளியலறை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் யாரிடமும் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் விரலிடுக்கில் சின்னச் சின்னதாகப் பொரிந்தது. பகலில் அவ்வளவாகத் தெரியாது. படுத்துப் போர்வைக்குள் உடம்பு சூடேறியதும் ஆரம்பித்துவிடும். அலர்ஜியாக இருக்கும் என்று நினைத்து ஸ்டீராய்டு கலந்த ஒரு க்ரீமை நானே வாங்கிப் போட்டேன். நான்கு நாளில் அடங்கியது. நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பி அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு என்று பரவிவிட்டது. அப்புறம்தான் டாக்டரிடம் போனேன். பார்த்ததுமே சொறிசிரங்கு, ஸ்கேபீஸ், தோலுக்குள் நுண்ணிய பூச்சி புகுவதால் வருவது என்றார். பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம் எழுதிக்கொடுத்து, வீட்டில் இருக்கும் எல்லோரும் போட வேண்டும் என்றார். மனைவிக்கும் அம்மாவுக்கும் ஏழு வயது மகளுக்கும் அப்போது அரிப்பே இல்லை. சொல்லவும் கூச்சமாக இருந்தது. அதனால் நான் மட்டும் ஒரு தடவை போட்டுக்கொண்டேன்.

பத்து நாள் நிம்மதி. மூன்றாவது வாரம் மறுபடியும் அதே கதை. டாக்டரிடம் திரும்பப் போக வெட்கப்பட்டுக்கொண்டு நானே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன். அதே க்ரீமை வாரத்துக்கு மூன்று தடவை, ஒரு மாதம். இடையில் கந்தகக் களிம்பு. அப்புறம் டீ ட்ரீ எண்ணெய், தண்ணீர்கூடக் கலக்காமல் அப்படியே. குளிக்கிற தண்ணீரில் ப்ளீச்சிங் திரவம், அதற்கு அடுத்த நாள் வினிகர். மெத்தைக்குப் பூச்சிக்கொல்லி ஸ்ப்ரே. இப்போது தொடையும் முன்கையும் சிவந்து, காய்ந்து, வெடித்துப்போய் இருக்கிறது. தண்ணீர் பட்டாலே எரிகிறது. மணிக்கட்டில் பென்சிலால் கீறியதுபோல அரை செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு. அதன் நுனியில் ஒரு கரும்புள்ளி இருக்கிறதுபோலத் தோன்றி, நேற்று ஊசியால் தோண்டிப் பார்த்தேன். ரத்தம்தான் வந்தது.

இப்போது அம்மா முதுகைச் சுவரில் தேய்க்கிறார். மகள் தூக்கத்தில் வயிற்றைச் சொறிகிறாள், நகம் பட்டுக் கீறக்கூடாது என்று கையில் சாக்ஸ் மாட்டிப் படுக்க வைக்கிறோம். என்னால்தான் இவர்களுக்கு வந்தது என்று நினைக்கும்போது தாங்க முடியவில்லை.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தை வாயில் குடித்தால் ஒரே தடவையில் போய்விடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். பாட்டில் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். குடிக்கவில்லை. யாராவது குடித்திருக்கிறீர்களா? பூச்சிக்கு மருந்து பழகிவிட்டதா? வேறு என்ன தடவலாம்? சொல்லுங்கள்.


கால்நடைமருத்துவர் எழுதியது:

மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். முதலில் அந்த பாட்டிலை எடுத்து, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து இதைப் படியுங்கள்.

நான் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன், அந்த மருந்தைத் தினமும் கையாளுகிறேன். ஐவர்மெக்டின் நல்ல மருந்து. அதைக் கண்டறிந்த வேலைக்காக கேம்பெல், ஓமுரா இருவருக்கும் 2015-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். மனிதர்களுக்கும் சிரங்குக்கு அதை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மனித மாத்திரை வேறு, உங்கள் அலமாரியில் இருப்பது வேறு. அது தோலுக்கடியில் ஊசியாகப் போட, சில நூறு கிலோ எடையுள்ள உடம்பை மனதில் வைத்துச் செய்தது. மருந்தைக் கரைக்கச் சேர்த்திருக்கும் திரவங்களும் மனிதர் குடிப்பதற்கென்று சோதிக்கப்பட்டவை இல்லை. குதிரைக்குக் கொடுக்கும் பசையும் அப்படித்தான், ஒரே குழாயில் ஐந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட உடம்புக்கான அளவு அடங்கியிருக்கும். கண்ணளவில் கொஞ்சம் பிசகினாலும் பல மடங்கு உள்ளே போய்விடும்.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இந்த மருந்து பூச்சியின் நரம்பைச் செயலிழக்க வைத்துக் கொல்கிறது. நம் மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருப்பதால், சரியான அளவில் அது நம் மூளைக்குள் போவதில்லை. அந்தத் தடுப்பைத் தாண்டுகிற அளவுக்குப் போனால் வாந்தி, தள்ளாட்டம், குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு வரை போகும். கோலி இன நாய்கள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே அந்தத் தடுப்பில் குறை உண்டு. அளவு மிஞ்சிப்போன அப்படி ஒரு நாயை நான் பார்த்திருக்கிறேன். கால்கள் நான்கு பக்கமும் விரிய, தலையைத் தூக்க முடியாமல், கண் திறந்தபடி இரண்டு நாள் கிடந்தது. நாய்க்கு நேர்ந்ததைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

மாத்திரை தேவை என்று டாக்டர் நினைத்தால் உங்கள் எடையைப் பார்த்து அளந்து கொடுப்பார். 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, வீட்டில் பூனை இருக்கிறதா? பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், அதன் ஈரலால் அதைச் சிதைக்க முடியாது. தடவிய கையை நக்கவிடாதீர்கள், க்ரீம் போட்டிருக்கும் நேரம் வேறு அறையில் இருக்கட்டும்.


மருந்துக்கட்டு எழுதியது:

நான் மருந்தாளுநர். உங்கள் பதிவைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: மருந்து பழகிவிட்டதா என்பது இப்போதைக்குக் கேள்வியே இல்லை. பெர்மெத்ரின் முன்புபோல வேலை செய்யவில்லை என்று சில நாடுகளிலிருந்து தகவல்கள் வருவது உண்மைதான். ஆனால் நீங்கள் இதுவரை அந்தச் சிகிச்சையை முழுதாக ஒருமுறைகூடச் செய்யவில்லை. முதல் தடவை ஆள் குறைவு, மருந்தும் குறைவு. அடுத்த ஒரு மாதம் மருந்து அதிகம், ஆனால் அப்போதும் ஆள் குறைவு.

பூச்சியின் கணக்கைத் தெரிந்துகொண்டால் ஏன் இப்படி ஆனது என்று புரியும். பெண் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலின் மேல் அடுக்குக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும், நீங்கள் மணிக்கட்டில் பார்த்த பென்சில் கோடு அதுவாக இருக்கலாம். நாளைக்கு இரண்டு மூன்று முட்டை இடும், அது 3, 4 நாளில் பொரியும், பொரிந்தது வளர்ந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முட்டையிடத் தயாராகிவிடும். க்ரீம் முட்டைகளை முழுதாகக் கொல்லும் என்று நம்ப முடியாது. அதனால்தான் ஏழு நாள் கழித்து இரண்டாவது தடவை. அந்த இரண்டாவது தடவையை நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு அரிப்பு இல்லை என்றீர்களே, பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான். முதல்முறை தொற்றுகிறவருக்கு அரிப்பு தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை பூச்சி உடம்பில் இருக்கும், ஒட்டும், ஆனால் ஆளுக்குத் தெரியாது. நீங்கள் குணமானபோது உங்களுக்குத் திரும்பக் கொடுக்க வீட்டில் மூன்று பேர் காத்திருந்தார்கள், அவர்கள் அறியாமலே. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி ஒட்டினால் உடம்பு ஏற்கெனவே அடையாளம் வைத்திருக்கும், ஓரிரு நாளிலேயே அரிக்கும்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், ஆனால் டாக்டர் பார்த்த பிறகு. எல்லோரும் ஒரே இரவு. குளித்தால் உடம்பு ஆறி உலர்ந்த பிறகு தடவ வேண்டும், வெந்நீரில் குளித்துச் சூடாக இருக்கும்போதே தடவினால் மருந்து தேவையில்லாமல் உள்ளே இழுக்கப்படும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை. விரலிடுக்கு, நகத்துக்கு அடியில், தொப்புளுக்குள், பிட்ட மடிப்பு, பிறப்புறுப்பு, முதுகின் நடுப்பகுதி, இதெல்லாம் தப்பிப்போகிற இடங்கள். முதுகுக்கு இன்னொருவர் கை வேண்டும், கூச்சப்படாதீர்கள். அம்மாவுக்கு வயதாகிவிட்டதால் தலை, காதுக்குப் பின்னால், நெற்றி வரைகூடப் போடச் சொல்வார்கள், கண்ணும் வாயும் தவிர. குழந்தைக்கும் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். 8 முதல் 14 மணி நேரம் உடம்பில் இருக்க வேண்டும், நடுவில் கை கழுவினால் கைக்கு மட்டும் திரும்பப் போட வேண்டும். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் இரவு கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து கை கழுவிவிட்டு அப்படியே படுத்துவிடுகிறார்கள், விரலிடுக்கில் இருப்பது தப்பித்துவிடுகிறது.

மெத்தைக்கு ஸ்ப்ரே அடிக்காதீர்கள். மனித உடம்பை விட்டு வெளியே வந்த பூச்சி இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். கடந்த மூன்று நாளில் உடுத்தியது, போர்த்தியது, துடைத்தது எல்லாவற்றையும் சுடுநீரில் துவைத்து நன்றாகச் சூட்டில் உலர்த்துங்கள், 50 டிகிரிக்கு மேல் பத்து நிமிடம் போனால் பூச்சியும் முட்டையும் பிழைக்காது. துவைக்க முடியாததைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டி ஒரு வாரம் தனியே வையுங்கள், அவ்வளவுதான். நீங்கள் அடித்த ஸ்ப்ரேயை முகர்ந்துகொண்டு தூங்குவது உங்கள் மகள்.

ப்ளீச்சும் வினிகரும் வெவ்வேறு நாளில் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே வாளியில் கலந்திருந்தால் குளோரின் வாயு கிளம்பியிருக்கும், மூடிய குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும். தயவுசெய்து இரண்டையும் அங்கிருந்து அப்புறப்படுத்துங்கள்.


இயற்கைவழி எழுதியது:

டீ ட்ரீ எண்ணெயைக் குறை சொல்லாதீர்கள். எனக்கு அதில்தான் போனது. ரசாயனம் எதுவும் போடாமல் இரண்டு வாரத்தில் சரியானது. இவர் அளவு தெரியாமல் போட்டிருக்கிறார், அவ்வளவே.


மருந்துக்கட்டு எழுதியது:

உங்களுக்குச் சரியானதில் மகிழ்ச்சி. ஆய்வகத்தில் அந்த எண்ணெயில் உள்ள ஒரு பொருள் பூச்சியைக் கொல்கிறது என்று பார்த்திருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தோலுக்குள் சுரங்கத்தில் இருப்பதை அது எவ்வளவு எட்டும், எத்தனை நாள், எந்த அளவில் என்பதெல்லாம் பெர்மெத்ரினுக்குத் தெளிவாக இருப்பதுபோல அதற்கு இல்லை. திறந்து வைத்து நாளான எண்ணெய் காற்றுப் பட்டு மாறி அலர்ஜியைக் கிளப்பும். இயற்கையானது என்பதால் தோலைச் சுடாது என்று இல்லை. இவர் தொடை வெடித்திருப்பதைப் பாருங்கள். வெடித்த தோலில் அதைப் போடச் சொல்லி தயவுசெய்து யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள்.


செம்பருத்தி எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். அதே இரவு, அதே குளியலறை விளக்கு. நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் மருந்துக் கணக்கை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் ஒழுங்காகவே போட்டோம், இரண்டு தடவையும். ஆனால் எனக்கு அரிப்பு நிற்கவில்லை. முதல் வாரம் போனது, இரண்டாம் வாரம் போனது, அரிக்கிறது. பூச்சி இன்னும் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். மூன்றாவது தடவை, நான்காவது தடவை, ஏழாவது தடவை வரை எண்ணினேன், அதற்கப்புறம் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் தடவிய இரவு கொஞ்சம் இதமாக இருக்கும், மூன்றாம் நாள் முன்னைவிட அதிகமாக அரிக்கும், அப்படியானால் பூச்சி கூடிவிட்டது என்று இன்னும் கொஞ்சம் தடவுவேன். பென்சைல் பென்சோயேட் லோஷனும் போட்டேன், அது போட்ட இடமெல்லாம் நெருப்பாக எரிந்தது. எரிச்சல் என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என நானே சொல்லிக்கொண்டேன். உடம்பிலிருந்து விழுகிற பொருக்கையெல்லாம் ஒட்டுநாடாவில் ஒட்டி, தேதி எழுதி, ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தேன். வேலைக்குப் போகும்போதும் அந்த டப்பா பையில் இருக்கும்.

கடைசியில் ஒரு தோல் டாக்டரிடம் அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை, டப்பாவைத் தள்ளியும் வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்தார். அப்புறம் கையில் பிடிக்கும் ஒரு லென்ஸை வைத்து என் விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு எல்லாம் நிதானமாகப் பார்த்தார். உயிருள்ள பூச்சி இருந்தால் கோட்டின் முனையில் ஒரு சிறிய கரு முக்கோணம் தெரியும் என்றார். எங்கும் இல்லை. இரண்டு இடத்தில் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கத்தியின் முனையால் மெதுவாகச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். அதிலும் பூச்சி இல்லை, முட்டை இல்லை. "உங்கள் உடம்பில் பூச்சி இருப்பதாக எதுவும் காட்டவில்லை. உங்களுக்கு இருப்பது மருந்து சுட்ட புண்" என்றார்.

அப்போதுதான் விளக்கினார். அரிப்பைத் தருவது பூச்சி கடிப்பது இல்லை, பூச்சிக்கும் அதன் கழிவுக்கும் முட்டைக்கும் நம் உடம்பு காட்டுகிற எதிர்ப்பு. சாதாரணமாக ஒருவர் உடம்பு முழுவதும் சேர்த்தே பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்குமாம். நான் ஆயிரக்கணக்கில் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்துப் பதினைந்தும் செத்த பிறகும் உடல்கள் தோலுக்குள்ளேயே கிடக்கும். தோல் உதிர்ந்து அவை வெளியேறும் வரை, இரண்டிலிருந்து நான்கு வாரம், அரிக்கும். சரியான சிகிச்சைக்குப் பிறகு அரிப்பது சகஜம் என்று முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஏழு தடவை போட்டிருக்க மாட்டேன்.

எல்லா மருந்தையும் நிறுத்தச் சொன்னார். வாசனை இல்லாத கெட்டியான மாய்ஸ்சரைசர், நாளைக்கு மூன்று தடவை. வெடித்த இடத்துக்கு மட்டும், அவர் பார்த்துச் சொன்ன சில நாளுக்கு, ஒரு ஸ்டீராய்டு. இதைக் கேட்டதும் குழப்பமாக இருக்கும், நீங்கள் ஸ்டீராய்டு போட்டதால்தானே மோசமானது என்று. பூச்சி இருக்கும்போது போட்டால் சிவப்பும் பொரியும் அமுங்கி, பூச்சி சத்தமில்லாமல் பெருகும், பார்க்கிற டாக்டருக்கும் அடையாளம் தெரியாமல் போகும். பூச்சி செத்தபின் புண்ணை ஆற்றப் போடுவது வேறு. எது எப்போது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

முதல் பத்து நாள் எதுவும் தடவாமல் இருந்ததுதான் இந்த வியாதியிலேயே எனக்குக் கஷ்டமான பகுதி. கை தானாக அலமாரிக்குப் போகும். என் அக்கா எல்லா பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

நீங்கள் அம்மாவுக்கும் குழந்தைக்கும் கொடுத்துவிட்டதாக வருந்துகிறீர்கள். உலகத்தில் எந்த நேரத்தில் எடுத்தாலும் 20 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2017-லிருந்து புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் இதையும் சேர்த்திருக்கிறார்கள். அழுக்கால் வருவது இல்லை, தினம் இரண்டு வேளை குளிப்பவருக்கும் வரும். ஒரே படுக்கையில் தூங்குவது, குழந்தையை மடியில் வைத்திருப்பது, கைகோத்து உட்காருவது, இப்படித் தோலும் தோலும் கொஞ்ச நேரம் சேர்ந்திருப்பதில்தான் பரவுகிறது. நீங்கள் மகளை அணைத்துக்கொண்டு தூங்கினீர்கள், வேறென்ன செய்தீர்கள்?


மொட்டைமாடி எழுதியது:

ஒரு சின்னத் தகவல். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கடி, இரண்டு தடவை சிரங்கு மருந்து போட்டும் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் படுக்கையறை ஜன்னலுக்கு மேலே பறவை விட்டுப்போன கூடு. குஞ்சுகள் பறந்த பிறகு பறவைப் பூச்சிகள் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் உள்ளே வந்திருக்கின்றன. அது மனித உடம்பில் குடியிருக்காது, தோண்டாது, கடித்துவிட்டுப் போய்விடும். தோலில் என்ன தடவினாலும் பயனில்லை, கூட்டை எடுத்து அந்த இடத்தைச் சுத்தம் செய்ததும் நின்றது. எலி இருக்கும் வீட்டிலும் இதேபோல நடக்கும். உங்களுக்குக் கோடு தெரிகிறது, விரலிடுக்கில் இருக்கிறது என்பதால் சிரங்காகவே இருக்கலாம். இருந்தாலும் ஜன்னல், ஏசி பெட்டி, கூரை இடுக்கு எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.


தூக்கமில்லாதவன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செம்பருத்தி அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு மனைவியை எழுப்பிக் காட்டினேன். மூன்று மாதமாக அவளிடம் பாதிதான் சொல்லியிருந்தேன். பூனை இல்லை. கூடு இருக்கிறதா என்று காலையில் பார்த்தேன், இல்லை. நாளை மறுநாள் தோல் டாக்டரிடம் நான்கு பேரும் போகிறோம். மருந்துக்கட்டு சார், ஒரு சந்தேகம்: வலது தொடையில் ஒரு புண் மஞ்சளாகப் பொருக்குத் தட்டி, சுற்றிலும் சூடாக இருக்கிறது. அதுவும் மருந்து சுட்டதுதானா?


மருந்துக்கட்டு எழுதியது:

நாளை மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், இன்றே காட்டுங்கள். மஞ்சள் பொருக்கும் சூடும் இருந்தால் பாக்டீரியா புகுந்திருக்கலாம். சொறிந்த இடம் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெபிலோகாக்கஸ் இரண்டும் உள்ளே போகும். அதற்குத் தனியாக ஆன்டிபயாட்டிக் வேண்டும், சிரங்கு மருந்து அதைத் தொடாது. விட்டுவிட்டால் ரத்தத்தில் பரவலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பிறகு சிலருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, சிறுநீரகம் வீங்குவதும் உண்டு. மகளுக்கு எங்காவது சீழ் வைத்திருக்கிறதா, முகம் வீங்குகிறதா, சிறுநீர் கறுத்துப் போகிறதா என்று கவனியுங்கள். காய்ச்சலோ, புண்ணிலிருந்து சிவப்புக் கோடு மேலே ஏறுவதோ தெரிந்தால் இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அம்மாவின் உள்ளங்கை, முழங்கை, தலை எங்காவது தடித்த செதில் மாதிரி இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குச் சிரங்கு பொருக்கு வகையாக மாறும், அதில் பூச்சி ஆயிரக்கணக்கிலிருந்து லட்சக்கணக்கு வரை போகும், அரிப்போ குறைவாகவே இருக்கும். அதற்குச் சிகிச்சையே வேறு.

போகும்போது இதுவரை போட்டதையெல்லாம், ப்ளீச் உட்பட, தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மறைக்காதீர்கள். எது எரிச்சல், எது பூச்சி என்று அவர் பிரித்துப் பார்க்க அந்தத் தாள்தான் உதவும்.


தூக்கமில்லாதவன் எழுதியது:

ஏழு வாரம் ஆகிவிட்டது, தாமதமாகச் சொல்கிறேன், மன்னியுங்கள்.

அன்றைக்கே போனேன். தொடைப் புண்ணில் தொற்றுதான், மாத்திரை ஒரு வாரம். தோல் டாக்டர் லென்ஸில் மகளின் விரலிடுக்கில் ஒன்றும் அம்மாவின் அக்குளுக்குக் கீழே ஒன்றுமாக உயிருள்ள பூச்சியைக் காட்டினார். என் உடம்பில் இரண்டு இடத்தில் இருந்தது. ஆக எனக்குப் பூச்சியும் இருந்தது, மருந்து சுட்ட புண்ணும் இருந்தது. எனக்கு வெடித்த தோலில் க்ரீம் வேண்டாம் என்று எடை பார்த்து மாத்திரை கொடுத்தார். மற்ற மூவருக்கும் க்ரீம், எல்லாம் ஒரே இரவு, ஏழு நாள் கழித்து மறுபடி. அம்மாவின் முதுகுக்கு நான் போட்டுவிட்டேன். என் முதுகைப் பார்த்த மனைவி ஒன்றும் பேசாமல் மாய்ஸ்சரைசர் தடவினாள்.

இரண்டாவது தடவைக்குப் பிறகும் பதினேழு நாள் அரித்தது. எண்ணிக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒருநாள் இரவு பொறுக்க முடியாமல் மீதி க்ரீம் ட்யூபைக் கையில் எடுத்துவிட்டேன். இங்கே வந்து செம்பருத்தி அக்காவின் பதிவைத் திரும்பப் படித்துவிட்டு வைத்துவிட்டேன். பதினெட்டாவது நாள் முழு இரவும் தூங்கினேன், விழித்தபோது வெளிச்சமாக இருந்தது.

மாட்டு மருந்து பாட்டிலை ஒரு கால்நடை மருத்துவமனையில் கொடுத்துவிட்டேன், வாங்கிக்கொண்டார்கள். மகள் சாக்ஸ் போடுவதை நிறுத்திவிட்டாள். அம்மாவுக்கு இப்போது ஒன்றும் இல்லை. எனக்கு இடுப்பில் மூன்று, தொடை இடுக்கில் இரண்டு என்று மொச்சைக்கொட்டை அளவுக்குச் சிவந்த முடிச்சுகள் மட்டும் மிச்சம், இரவில் கொஞ்சம் நமைக்கிறது. பூச்சி இல்லை, தானாக அடங்கும் என்றார் டாக்டர். மணிக்கட்டில் அந்தக் கோடு இருந்த இடத்தில் நான் ஊசியால் தோண்டிய தழும்பு இருக்கிறது.


செம்பருத்தி எழுதியது:

சந்தோஷம் தம்பி. அந்த முடிச்சுகளைக் கிள்ளாதீர்கள், நகத்தை ஒட்ட வெட்டி வையுங்கள். எனக்குக் கடைசி முடிச்சு அமுங்க நான்கு மாதம் ஆனது. புதிதாக எங்காவது கோடு தெரிந்தால் மட்டும் டாக்டரிடம் போங்கள், மற்றபடி மாய்ஸ்சரைசரை நிறுத்தாதீர்கள்.